புகைப்படத்தை நம்பிக் கப்பலேறியவர்கள்



செப்டம்பர் மாதத்தின் இறுதி ஞாயிறை, புலம்பெயர்ந்தோர் மற்றும் குடிபெயர்ந்தோர் உலக நாளாகத் திருஅவை கடைப்பிடித்து வருகிறது. 1914ம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. போருக்குத் தப்பி ஓடுவோர், பஞ்சம் பிழைக்கப் போவோர், எல்லைகளில் முள்வேலிக்கு வெளியே நிற்போர் எனப் பலரையும் இந்நாளில் எண்ணிச் செபிக்கிறோம். ஆனால், திருமணம் செய்துகொள்வதற்காகவே கடல் கடந்துபோகும் பெண்கள் இந்தப் பட்டியலில் நம் நினைவுக்கு வருவதில்லை. காரணம், அவர்களை நாம் மாலையிட்டு, இனிப்பு கொடுத்து, சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறோம். அழுகை, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவோடு முடிந்துவிடுகிறது.

இந்தப் பெண்களைப் பற்றி நம்மைச் சிந்திக்க வைப்பது ஒரு திரைப்படம். 'பிக்சர் பிரைட்' என்பது அதன் பெயர். புகைப்பட மணப்பெண் என்று தமிழில் சொல்லலாம். ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண்மணி கயோ ஹட்டா, தன் சகோதரி மாரியோடு சேர்ந்து கதையை எழுதி, இயக்கிய படம். 1995ம் ஆண்டு, சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர்களின் விருதைப் பெற்றது.

கதைக்குப் பின்னால் உண்மை வரலாறு உண்டு. ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, ஜப்பானிலிருந்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் போயிருந்தார்கள். 1907, 1908ம் ஆண்டுகளில் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட ஓர் உடன்பாட்டினால், புதிய கூலியாள்கள் போவது நின்றுவிட்டது. ஏற்கனவே அங்கிருப்போரின் மனைவியருக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. எனவே, மணமாகாத ஆண்கள் தங்கள் புகைப்படத்தை ஊருக்கு அனுப்பினார்கள். தரகர் வழியாகப் பெண்ணின் படம் வந்தது. இரு வீட்டாரும் சம்மதித்தால், ஜப்பானில் மாப்பிள்ளையின் குடும்பப் பதிவேட்டில் பெண்ணின் பெயரை எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான், திருமணம் முடிந்தது. மணமகன் கடலுக்கு அந்தப் பக்கம், மணமகள் இந்தப் பக்கம். 1924ம் ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் கதவை முற்றிலும் அடைக்கும்வரை, ஜப்பான், ஒகினாவா, கொரியா ஆகிய இடங்களிலிருந்து இப்படி ஹவாய்க்குப் போன பெண்கள் 20,000 பேருக்கும் அதிகம்.

கப்பல் கரைக்கு வருகிறது. பெண்கள் கையில் ஆளுக்கொரு புகைப்படம். அதை உயர்த்திப் பிடித்து, துறைமுகத்தில் நிற்கும் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் கதையின் நாயகி ரியோ, 1918ம் ஆண்டு, அப்படித்தான் தேடுகிறார். படத்தில் இருந்த இளைஞரைக் காணவில்லை. அவர் முன் வந்து நிற்பவர், ஏறத்தாழ அவருடைய தந்தையின் வயதுடைய மட்சுஜி. அனுப்பிய படம் பொய்யானதல்ல, மட்சுஜியின் படம்தான். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்தது!

சிரிப்பு வருகிறது, இல்லையா? பெண் பார்க்கும் படலத்துக்காக ஸ்டூடியோவில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படங்கள் நம் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும். இன்று கைபேசியிலேயே முகத்தைச் சிவப்பாக்கவும், வயதைக் குறைக்கவும் வழியிருக்கிறது. ஆனால், ரியோவின் நிலையில் நின்று பாருங்கள். திரும்பிப் போகக் கப்பல் கட்டணம் இல்லை. மொழி தெரியாது. போய்ச் சேர வீடும் இல்லை, பெற்றோர் இறந்துவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்: அந்தப் பெற்றோர் இறந்தது காசநோயால். அக்காலத்தில் அது ஒரு குடும்பத்துக்கே களங்கம். எனவே மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைச் சொல்லாமல் மறைத்துத்தான் ரியோவைக் கப்பலேற்றினார்கள். அவர் வயதை மறைத்தார், இவர்கள் நோயை மறைத்தார்கள். இரண்டு பொய்கள் கைகோத்துக்கொண்டு ஆரம்பித்த குடித்தனம் அது.

நேயர்களே, இந்த இடத்தில் தொடக்கநூலின் 24ம் பிரிவு நம் நினைவுக்கு வருகிறது. விவிலியத்தில், முன்பின் பாராத ஒருவரை மணம்முடிக்கத் தொலைநாடு சென்ற பெண் ரெபேக்கா. ஆபிரகாமின் ஊழியர், ஈசாக்குக்குப் பெண் தேடி ஒட்டகங்களோடு வருகிறார். கிணற்றடியில் ரெபேக்கா அவருக்கும், ஒட்டகங்களுக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்கிறார். ஊழியர் தங்க வளையல்களைத் தருகிறார். அவற்றைத் தங்கையின் கையில் பார்த்த பிறகுதான், அண்ணன் லாபான் விருந்தினரை வரவேற்க வெளியே ஓடுகிறார். விவிலிய ஆசிரியர் இதை ஒன்றும் விமர்சிக்காமல் சொல்லிப் போகிறார். நமக்குத்தான் புன்னகை வருகிறது. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் பரபரப்பாகும் அண்ணன்மார்கள் அன்றே இருந்திருக்கிறார்கள்.

ஆனால், மறுநாள் காலையில் முக்கியமான ஒன்று நடக்கிறது. பேச்சு முடிந்துவிட்டது, பரிசுகள் கைமாறிவிட்டன, ஊழியர் உடனே கிளம்பவேண்டும் என்கிறார். பத்து நாளாவது பெண் இங்கே இருக்கட்டும் என்கிறார்கள் வீட்டார். வாதம் முற்றும்போது, பெண்ணையே கூப்பிட்டுக் கேட்போம் என்று முடிவாகிறது. ரெபேக்காவைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவர் தன் வாயால், போகிறேன் என்கிறார். அதன் பிறகே ஒட்டகங்கள் கிளம்புகின்றன.

இதே லாபானைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் சந்திக்கிறோம். இப்போது அவர் பெண்ணின் தந்தை. யாக்கோபு ஏழாண்டு உழைத்தது ராகேலுக்காக. இரவில் லாபான் அழைத்துவந்து விட்டது லேயாவை. ஏமாந்த யாக்கோபைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த லேயாவிடம் எவராவது எதையாவது கேட்டார்களா? கேட்டதாகத் தொடக்கநூலில் ஒரு வரிகூட இல்லை. பின்னாளில் அந்த இரு சகோதரிகளும், தங்கள் தந்தை தங்களை விற்று அந்தப் பணத்தையும் தின்றுவிட்டார் என்று மனம் கசந்து பேசுவதைத்தான் கேட்கிறோம்.

திருஅவை இந்தக் கசப்பை அறிந்தே சட்டம் வகுத்திருக்கிறது. திருமணத்தை உண்டாக்குவது தாலியோ மோதிரமோ அல்ல, இருவரின் சம்மதம். அச்சுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது. 1983ம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, 1098ம் எண்ணில், இன்னும் ஒருபடி மேலே போகிறது: சம்மதத்தைப் பெறும் நோக்கத்தோடு, இல்லறத்தையே குலைக்கக்கூடிய ஒன்றை வஞ்சகமாக மறைத்து மணம் முடித்தால், அந்த மணமே செல்லாது என்கிறது. கோவிலில் ஓலை வாசிப்பதும் இதற்காகத்தானே! இன்னாரின் மகன், இன்ன ஊர், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்கிறோம். மாப்பிள்ளை பக்கத்து ஊர் என்றால் இது வேலை செய்யும். மூன்றாம் ஓலைக்குள் யாராவது ஒருவர் பங்குத்தந்தையின் காதில் வந்து சொல்லிவிடுவார். மாப்பிள்ளை பத்து ஆண்டுகளாகக் கனடாவில் இருந்தால்? அவர் பிறந்த ஊர்க் கோவிலில் ஓலை வாசிக்கிறோம். பத்து வயதில் அவர் எப்படி இருந்தார் என்று அறிந்தவர்கள்தான் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். பழைய புகைப்படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கும், பிரான்சுக்கும், நார்வேக்கும் மணமகள்களாகப் போன நம் சகோதரிகளுக்கு இதெல்லாம் புதிய செய்தி அல்ல. போர்க்காலத்தில், மகளை உயிரோடு வைத்திருக்கவே வெளிநாட்டு வரனைத் தேடிய பெற்றோர் உண்டு. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பெற்றோரும், கப்பல் ஏறும் முன் மகளிடம் ஒருமுறை கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்திருந்தால், போன இடத்தில் துன்பம் வந்தபோது வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும் துணிவும் இருந்திருக்கும். கேட்கப்படாத மகள்கள் போனில் எப்போதும் நலம் என்றே சொல்கிறார்கள். கேட்கிற நாமும் அதை நம்பிவிடுகிறோம். நம்புவது நமக்கு வசதி.

மீண்டும் ஹவாய்க்கு வருவோம். மணநாள் இரவில் ரியோ, மட்சுஜியை நெருங்க விடவில்லை. நகரத்தில் வளர்ந்த பெண், கரும்புத் தோட்டத்தில் இறங்குகிறார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகக் கண்ணீர்விட்ட பாரதியாரை அறிந்த நமக்கு, அந்தக் காட்சிகளை விளக்கத் தேவையில்லை. கத்திபோல் அறுக்கும் சோகை, குதிரைமேல் வரும் கங்காணி, பெயருக்குப் பதிலாக எண் பொறித்த உலோக வில்லை. காசு சேர்த்து ஊருக்குத் திரும்பிவிடுவது ரியோவின் திட்டம். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிறர் துணியைத் துவைக்கிறார்.

துவைக்கக் கூட்டிக்கொள்பவர் கானா என்ற பெண். அவரும் கப்பலில் வந்தவர்தான்; அடிக்கிற கணவன், கைக்குழந்தை. கரும்பின் காய்ந்த தோகையை உரிக்கும்போது அந்தப் பெண்கள் பாடுவார்கள். வேலையை 'ஹோலே ஹோலே' என்பது ஹவாய் மொழி, பாட்டை 'புஷி' என்பது ஜப்பானியம். வந்த நாட்டுச் சொல்லையும் பிறந்த நாட்டு மெட்டையும் சேர்த்துத் தங்கள் துயரத்தைத் தாங்களே பாடிக்கொண்டார்கள். முதலில் பாடுபவர் கானா. ஒருநாள் வயலில் தீ பரவுகிறது. குழந்தையைத் தேடிக் கானா உள்ளே ஓடுகிறார். தாயும் பிள்ளையும் திரும்பவில்லை.

இந்தப் படத்தில், ஜப்பானின் பெரும் நடிகர் தோஷிரோ மிஃபுனே ஒரே ஒரு காட்சிக்கு வருகிறார். தோட்டத்தில் ஊமைப்படம் காட்டிக் கதை சொல்பவராக. அதற்காகவே படத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. நமக்கோ, மனதில் தங்குவது மட்சுஜிதான். அவர் நல்லவராகத் தொடங்கவில்லை. பொய் சொல்லிப் பெண்ணை வரவழைத்தவர். மனைவி விலகி நின்றபோது கோபம் கொள்கிறார், குடிக்கிறார். ஆனால், அண்டை வீட்டுக் கணவனைப்போல் அவர் ஆகிவிடவில்லை. காத்திருக்கிறார். ரியோ காசு சேர்ப்பது திரும்பிப் போவதற்காக என்று தெரிந்தும், அவளைக் கட்டிப்போடவில்லை. முதல் நாள் துறைமுகத்தில் ரியோவுக்குக் கிடைக்காத ஒன்றை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை, மட்சுஜி பிந்திக் கொடுக்கிறார். இருவரும் மறைத்தது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. வலிக்கிறது. அதன் பின்புதான் ரியோ, வீடு என்று எதைச் சொல்வது என யோசிக்கத் தொடங்குகிறார்.

பொறுத்துப் போ, எல்லாம் சரியாகும் என்று மகள்களுக்குப் புத்தி சொல்ல இந்தக் கதையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கானாவும் பொறுத்துப் போனவர்தான்.

ரெபேக்கா கிளம்பியபோது தனியே போகவில்லை. அவருடைய செவிலித்தாயும் உடன் போனார் என்று விவிலியம் குறித்துவைத்திருக்கிறது. அவர் பெயர் தெபோரா. தொடக்கநூலின் 35ம் பிரிவில், அந்த முதிய பெண் இறந்தபோது பெத்தேலுக்கு அருகே ஒரு கருவாலி மரத்தடியில் அடக்கம் செய்தார்கள் என்றும், அந்த மரத்துக்கு அழுகையின் பெயரையே இட்டார்கள் என்றும் வாசிக்கிறோம். ஓர் ஊழியப் பெண்ணுக்காக ஒரு குடும்பமே அழுதிருக்கிறது. ரியோவுக்குச் செவிலித்தாய் இல்லை, கானா இருந்தார். படத்தின் இறுதிப் பகுதியில், இறந்தோரை நினைத்து விளக்கேற்றும் விழா வருகிறது. கரும்பு வயலில் பெண்கள் வரிசையாக நின்று தோகை உரிக்கிறார்கள். பாட்டை யார் எடுப்பது என்று தெரியாத ஓர் அமைதி. ரியோ பாடத் தொடங்குகிறார்.