வீட்டுக் கொல்லையில் ஒரு கொல்லன் பட்டறை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடு, மாடு, தையல், ஊறுகாய், மசாலாப்பொடி என்று நம் குழுக்களில் பல தொழில் நடக்கிறது. இரும்பு வேலை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில அக்காமார் சிரித்தார்கள். "அது ஆம்பளை வேலையாச்சே" என்றார்கள். நான் ஒன்று கேட்கிறேன். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுவது யார்? எதிரே நின்று சம்மட்டி அடிப்பது யார்? பல பட்டறைகளில் அந்த வீட்டுப் பெண்தான். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டால், "வீட்டுலதான் இருக்கா" என்று பதில் வருகிறது. அடித்த அடிக்குக் கூலியும் இல்லை, பேரும் இல்லை. கொல்லர் வீட்டுக்கு மருமகளாகப் போய்த் துருத்தி பிடித்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கதிர் அறுக்க மெஷின் வந்த பிறகு கருக்கரிவாளுக்குத் தேவை குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை, கருவேல முள் வெட்டும் அருவாள், வாழைத்தார் வெட்டும் கத்தி, அரிவாள்மனை இல்லாத வீடு எது? அது மழுங்கினால் காய்ச்சி அடித்துக் கொடுக்க ஊரில் ஆள் இல்லை. நல்ல சாமானைக் கூடத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறோம். இந்தப் பழுது பார்க்கும் வேலை ஒன்றே ஒரு பட்டறைக்குச் சோறு போடும்.

"பட்டறை போடப் பெரிய முதல் வேணுமே" என்பீர்கள். கடையில் புதுப் பட்டடைக்கல் விலை கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். அதை வாங்கவே வேண்டாம். இரும்புத் தொழிலில் ஒரு வசதி உண்டு. பட்டறைக்கு வேண்டிய கருவியைப் பட்டறையே செய்துகொள்ளும்.

முதலில் பட்டடை. நமக்குத் தேவை சுத்தியல் அடியைத் தாங்கும் கனமான இரும்பு, அவ்வளவுதான். 60 கிலோ தண்டவாளம் என்பது ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடை. அதில் ஒன்றரை அடித் துண்டு சுமார் 27 கிலோ இருக்கும். அதைப் படுக்க வைத்தால் அடிக்கு அடி துள்ளும். செங்குத்தாக நிறுத்தி மரக்கட்டையில் இறுக்கினால் முழு எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். முகம் சிறியதுதான், ஆனால் அடி வீணாகாது. ஒரு எச்சரிக்கை: ரயில்வே சொத்து பற்றி 1966-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டுத் தண்டவாளம் என்று சந்தேகம் வந்தால், முறையாக வாங்கினோம் என்று நாம்தான் காட்ட வேண்டும். பில் தராத கடையில் தொடவே தொடாதீர்கள். பில் கிடைக்காவிட்டால் லாரி ஆக்சில் துண்டு, பெரிய சம்மட்டித் தலை போதும். புளியங்கட்டையில் குடைந்து இறக்கி, கட்டையைத் தரையில் ஓரடி புதையுங்கள். உயரம் முக்கியம். நிமிர்ந்து நின்று முஷ்டி பிடித்துக் கையைத் தொங்கவிட்டால், விரல் முட்டி தொடும் இடத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும். குனிந்து அடித்தால் இடுப்பு போய்விடும்.

அடுத்து உலை. லாரியின் பழைய பிரேக் டிரம்முக்குக் களிமண்ணும் மணலும் பூசி, அடியில் காற்றுக்குழாய் வைத்தால் உலை தயார். குழாய் கறுப்பு இரும்பாக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் கூடாது. அது சூடேறி வரும் புகையை இழுத்தால் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பைப் போட்டு அடிக்கும். காற்றுக்குக் கையால் சுற்றும் விசிறி போதும். கரிக்கு நாம் எங்கேயும் போக வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல மூட்டக் கரி கிடைக்கிறது.

மூன்றாவது, கைக்கருவிகள். தொடக்கத்தில் நீளக் கம்பியை வைத்து வேலை செய்யுங்கள். மறுமுனை சுடாது, கொறடு தேவைப்படாது. முதல் நாள் கரி கிளறும் கோல் அடியுங்கள். பிறகு 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டை எடுத்து, வாய் தட்டி, ஓட்டை போட்டு, ஆணி அறைந்து கொறடு செய்யுங்கள். கொறடு வந்ததும் சின்னத் துண்டையும் பிடிக்கலாம். அப்போது உளி, துளை போடும் குத்தூசி, எல்லாம் நம் கையாலேயே வரும்.

எந்த இரும்பு எதற்கு என்பதில்தான் தொழிலே இருக்கிறது. கட்டுமானக் கம்பியில் கார்பன் குறைவு. கொறடுக்கும் கொக்கிக்கும் ஆகும், அருவாளுக்கு ஆகாது. எவ்வளவு துவைச்சல் போட்டாலும் வாய் நிற்காது. அருவாளுக்கு லாரியின் வில்லுப் பட்டை வேண்டும். பக்கத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் போன ஊர். அந்தப் பேர் இரும்பைப் பார்த்து எடுக்கும் கண்ணிலும் துவைச்சலிலும் வந்ததுதான்.

துவைச்சலைக் கவனமாகக் கேளுங்கள். இரும்பு சுமார் 770 டிகிரி சூட்டைத் தாண்டினால் காந்தம் அதைப் பிடிக்காது. காந்தம் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சி, எண்ணெயில் முக்குங்கள். வில்லுப் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். முக்கியதும் வாய் கண்ணாடி மாதிரி இருக்கும், கீழே விழுந்தால் உடையும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கம் மெதுவாகச் சூடு காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடிவரும். அருவாள் வாய்க்குப் பழுப்பு தாண்டி ஊதா தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். நீலம் வந்தால் வாய் சீக்கிரம் மழுங்கும்.

பாதுகாப்புக்குச் சில சொல். நைலக்ஸ், பாலியஸ்டர் சேலை பட்டறைக்கு ஆகாது, பருத்திதான். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். கண்ணாடி போடாமல் சுத்தியல் எடுக்காதீர்கள். மூடிய அறையில் உலை மூட்டாதீர்கள், கரிப்புகை ஆளையே கொல்லும். எண்ணெய்ச் சட்டிக்குப் பொருத்தமான மூடி பக்கத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். விவசாயத்துக்கு இல்லாத நீள அருவாள் கேட்டு யார் வந்தாலும் "செய்யிறதில்ல" என்று சொல்லி அனுப்புங்கள். மற்றபடி வாங்குகிறவர் பேர், ஊர், செல் நம்பரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். களை எடுப்பது பெரும்பாலும் பெண்கள். ஆனால் அந்தக் களைக்கொத்தின் பிடி நம் கைக்கு அளந்து செய்ததா? மண் வேலைக்கு நாம் தூக்கிப் போகும் மண்வெட்டி நம் தோளுக்கு அளந்ததா? "உனக்கு எது கனக்குது, எங்க வலிக்குது?" என்று கேட்டு அடிக்கப் போவது நம்மில் ஒருத்திதான். வாடிக்கை அங்கேதான் பிடிக்கும்.

கடைசியாகக் கணக்கு. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பட்டறை போடுங்கள். விலை வைக்கும்போது இரும்பு, கரி மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். துருத்தி ஊதியவளுக்கு இவ்வளவு, சம்மட்டி அடித்தவளுக்கு இவ்வளவு என்று இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். அந்த இரண்டு வரியும் இல்லாமல் வருவதை லாபம் என்று சொல்லக் கூடாது. குழுக் கடன் அவள் பேரில் வாங்குகிறோம், பல நேரம் தொழில் வேறு ஒருவர் பேரில் நடக்கிறது. உத்யம் பதிவு இலவசம், அதை வேலை செய்கிற பெண் பேரிலேயே போடுங்கள். பட்டறை வாசலில் பலகையும் அவள் பேரில் இருக்கட்டும்.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் நம் மாநிலத்தின் முதல் குழுக்கள் தொடங்கியபோது, ஒரு பெண் தன் கையில் சேமிப்பு வைப்பதே பெரிய காரியமாக இருந்தது. அது நடந்தது. இனி கணக்கெடுக்க யாராவது வந்து "என்ன வேலை?" என்று கேட்டால், வேறு யாரும் பதில் சொல்ல விடாதீர்கள். "இரும்பு வேலை பாக்குறேன், பட்டறை என் பேருல இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள்.

பட்டறை போட நினைக்கும் குழுக்கள் இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதுங்கள். பட்டடை நிறுத்துவதற்கும் முதல் உலை மூட்டுவதற்கும் நான் கூட வந்து நிற்கிறேன்.