கடைசிப் பெஞ்சுப் பிள்ளை

வேலை முடிந்து, குளித்து, சற்று ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரம் இது. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி படித்தாள். சொல்வதெழுதலில் 'பால்' என்றால் 'கால்' என்று எழுதுவாள். 'பட்டம்' என்றால் 'வட்டம்' என்பாள். "புரிந்ததா?" என்று கேட்டால் மட்டும் தவறாமல் தலையை ஆட்டுவாள். மந்தமான பிள்ளை என்று முடிவு கட்டி, அவளைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தோம். ஓராண்டு முழுவதும் அங்கேதான் இருந்தாள். பயிற்சிக் கல்லூரியில் பிள்ளைகளுக்குள்ள வேறுபாடுகளைப் பற்றிப் படித்து, பரீட்சையும் எழுதித் தேறி வந்தவர்கள்தாம் நாங்கள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு தோழி உண்டு. அந்தத் தோழி காய்ச்சலாகி மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் கூப்பிடும்போதெல்லாம் தோழி முழங்கையால் இடித்திருக்கிறாள்; இவள் நிமிர்ந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாதது ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது!

காது கேட்கவில்லை என்றால் ஒன்றுமே கேட்காது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. பாதி கேட்கும் பிள்ளைகள்தாம் அதிகம். சளி பிடித்து, நடுக்காதில் நீரோ சீழோ தேங்கினால், பேச்சு சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். 'ஆ' என்ற ஓசை கேட்கும். முன்னால் நிற்பது பகரமா, ககரமா என்பது பிடிபடாது. வாயசைவைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் போயிற்று. தகரக் கூரையில் மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, மெதுவாகக் குசுகுசுவென்று இரண்டு மூன்று எண்களைச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள். மறு காதுக்கும் அப்படியே. தடுமாறினால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காதில் சீழ் வந்தால் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். எங்களுக்கும் பாட்டிமார் ஊற்றியதுதான். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் உள்ளே போய்க் கெடுதல் செய்யும்.

அந்தச் சிறுமியின் தாயாரைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுங்க சார். பொம்பளப் புள்ள. செவிடுன்னு பேரு வந்துட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அடுத்த வீட்டுச் சொல் எப்படிப்பட்டது என்பது லயத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரியாதா? "அம்மா, செவிடு என்ற பேர் இன்னும் வரவில்லை, மக்கு என்ற பேர் வந்துவிட்டது. அதைக் கொடுத்தவர்கள் நாங்கள்" என்றோம். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

எல்லாப் பிள்ளைக்கும் மருந்தால் குணமாகிவிடாது. குணமாகாதவர்களுக்குக் காதொலிக் கருவி உண்டு. மருத்துவர் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் சமூகநல இலாகாவில் மாற்றுத் திறனாளி அட்டை பெறலாம். முழுதும் கேளாத பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருக்கின்றன. பினாங்கில் 1954ஆம் ஆண்டிலேயே ஒன்று தொடங்கிவிட்டார்கள். சாதாரணப் பள்ளிகளிலும், சில தமிழ்ப்பள்ளிகள் உட்பட, சிறப்புக் கல்வி வகுப்புகள் நடக்கின்றன. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். குறை உள்ள பிள்ளை என்று சொல்லி எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019இல் நடப்புக்கு வந்தது. யாராவது திருப்பி அனுப்பினால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். பிறப்புப் பத்திரத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில்தான் நம்மவர் பலர் இடறி விழுகிறார்கள்.

சிறுமிக்கு வலது காது சீழ் வற்றித் தேறியது. இடது காது அவ்வளவாகத் தேறவில்லை. அவளை முதல் பெஞ்சில், வலது காது எங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தோம். தோழியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்; நாங்கள் சொல்லவில்லை. சொல்வதெழுதலில் 'பால்' பாலாகவே வந்தது. கணக்கு இன்றுவரை அவளுக்குச் சுமார்தான். ஆனால் கேள்வி கேட்கப் பழகிவிட்டாள். ஒரு நாள் பழக்க தோஷத்தில் கரும்பலகையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது: "சார், இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."