மனு கொடுப்பது வேறு, கணக்குக் கேட்பது வேறு

(பட்டினச்சேரியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏலம் முடிஞ்சு, மீன் கூடையை இறக்கி வச்சிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு இந்த வெயில்ல வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப்போவது சட்டசபையில் நடக்கும் கேள்வி நேரத்தைப் பற்றி. "சட்டசபைக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்? அது படிச்சவங்க சமாச்சாரமாச்சே" என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் அது நாம் வாராவாரம் செய்கிற வேலைதான்.

குழுவில் நடப்பதும் சபையில் நடப்பதும்

நம் குழுக் கூட்டத்தில் முதல் வேலை என்ன? ரொக்கப் புத்தகத்தை வாசிக்கச் சொல்கிறோம். போன வாரக் கையிருப்பு எவ்வளவு, வங்கியில் கட்டியது எவ்வளவு, உள்கடன் யாருக்குப் போனது, யார் தவணை பாக்கி என்று கேட்கிறோம். ஊக்குநர் சொந்த நாத்தனாராக இருந்தாலும் கேட்கிறோம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அதைச் சண்டை என்று யாரும் நினைப்பதில்லை, அது குழுவின் முறை. பணம் எல்லாருடையது, புத்தகம் ஒருவர் கையில். அதனால் கேட்டே ஆக வேண்டும்.

அரசாங்கமும் அப்படித்தான். நாம் வாங்கும் சோப்பிலும் பேஸ்ட்டிலும் செல்போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது. அந்தப் பணம் அரசுக்குப் போகிறது. செலவு செய்பவர்கள் அமைச்சர்கள். அவர்களிடம் நம் சார்பாகக் கணக்குக் கேட்கத்தான் எம்.எல்.ஏ.க்களை அனுப்புகிறோம். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் கையில் மனுவைக் கொடுத்து, "ஐயா, பார்த்துச் செய்யுங்க" என்று கும்பிட்டு விட்டு வருகிறோம். மனு தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனு தயவைக் கேட்கிறது. கேள்வி கணக்கைக் கேட்கிறது. மனு ஏதோ ஒரு ஃபைலில் தூங்கலாம். சபையில் ஏற்கப்பட்ட கேள்விக்கு வந்த பதில் அரசின் வார்த்தையாகப் பதிவாகி நிற்கும். பிற்பாடு, "அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுக்க முடியாது.

நமக்கு ஏன் கூடுதல் முக்கியம்?

பக்கத்திலே நாகப்பட்டினம் மாவட்டத்துச் சகோதரிகளுக்குக் கிராம சபை இருக்கிறது. வரவு செலவை எழுந்து கேட்கலாம். நம் புதுச்சேரி மாநிலத்தில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. அத்தனை காலமும் கொம்யூன் பஞ்சாயத்தை நடத்தியது அதிகாரிகள். வார்டு மெம்பரும் இல்லை, தலைவரும் இல்லை என்றால் நாம் யாரைக் கேட்பது? நமக்கென்று இருந்தது எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான்.

புதுச்சேரி சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30 பேர். அதில் காரைக்கால் பகுதிக்கு 5 தொகுதி: நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நம்முடைய நிரவி-திருமலைராயன்பட்டினம். சபை இருப்பதோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. இடையில் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். நாம் தினமும் போய் நிற்க முடியாது. நம் கேள்விதான் போக வேண்டும்.

கேள்வி நேரம் எப்படி நடக்கிறது?

பிரிட்டிஷ் இந்தியாவில் சபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை 1892-ம் வருடச் சட்டத்தில் வந்தது. வந்த பதிலை வைத்துத் துணைக் கேள்வி கேட்கும் உரிமை 1909-ல் வந்தது. அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1963 ஜூலை 1-ல் புதுச்சேரிக்குச் சட்டசபை வந்தது.

கேள்வியில் முக்கியமாக இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். உடனே துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. டெல்லியில் மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வியும் 230 எழுத்துக் கேள்வியும் பட்டியலில் வரும். கேள்வியை 15 நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். அமைச்சர் துறையில் விசாரித்துப் பதில் தயாரிக்கத்தான் அந்த அவகாசம். அமைச்சர் கேட்டால் செயலாளர் தேட வேண்டும், செயலாளர் கேட்டால் கீழே உள்ள அலுவலகம் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஒரு கேள்வி போனால் மேலிருந்து கீழ்வரை அசைவு ஏற்படும்.

மாப்பிள்ளை கேட்ட கேள்வி

நிஜமாக நடந்த ஒரு கதை சொல்கிறோம். 245 இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சேர்த்து 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. சாதாரண ஜனங்கள் கட்டிய பிரீமியப் பணம் அதில் இருந்தது. 1957-ல் அதில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் எடுத்து, ஹரிதாஸ் முந்த்ரா என்ற ஒரு வியாபாரியின் கம்பெனிகளில் பங்கு வாங்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனிகளோ நொடித்துக்கொண்டிருந்தன.

நாடாளுமன்றத்தில் முதலில் வந்த கேள்விக்கு மழுப்பலான பதில்தான் வந்தது. ஆனால் உறுப்பினர்கள் விடவில்லை. 1957 டிசம்பர் 16-ல் பெரோஸ் காந்தி எழுந்து தேதி, தொகை, கம்பெனி பெயர் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக் கேட்டார். அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ஆளும் காங்கிரஸ் கட்சி. அதைவிட, அவர் பிரதமர் நேருவின் மாப்பிள்ளை! மாமனார் நடத்தும் அரசாங்கத்தை மாப்பிள்ளை கேட்டார்.

விஷயம் பெரிதானது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. பொதுமக்கள் முன்னிலையில் நடந்த விசாரணை அது. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, "என் செயலாளர்தான் செய்தார்" என்ற மாதிரி சொல்லிப் பார்த்தார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சர்தான் பொறுப்பு என்றார் நீதிபதி. 1958 பிப்ரவரியில் அமைச்சர் பதவி விலகினார். அவர் யார் தெரியுமா? நம் வீட்டு அடுப்பில் இருக்கும் பிரஸ்டீஜ் குக்கரில் டி.டி.கே. என்று மூன்றெழுத்து இருக்குமே, அந்த வியாபார நிறுவனத்தைத் தொடங்கியவர். சென்னைக்காரர், பெரிய திறமைசாலி. பின்னாளில் மறுபடியும் நிதி அமைச்சரானார். ஆனாலும் அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மாசி மகத்துக்குக் கடலாட வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளையே "மாப்பிள்ளை" என்று உரிமையோடு வரவேற்கிற ஊர் இது. சாமியிடமே உரிமை கொண்டாடும் நமக்கு, நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் கேட்க என்ன தயக்கம்?

கேள்வியை எப்படிக் கட்டுவது?

பெரோஸ் காந்தியின் பலம் சத்தத்தில் இல்லை, விவரத்தில் இருந்தது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

"மீனவ மக்களுக்கு அரசு என்ன செய்தது?" என்று கேட்டால், "பல்வேறு நலத்திட்டங்கள் செயல்படுத்தப்பட்டு வருகின்றன" என்று பதில் வரும். அதோடு முடிந்தது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

(அ) கடந்த இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களில் திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் நிவாரணம் பெற்ற குடும்பங்கள் எத்தனை, எந்தத் தேதியில் வழங்கப்பட்டது?

(ஆ) விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர், காரணம் என்ன?

(இ) ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு?

(ஈ) விடுபட்டவர்களுக்கு எந்தத் தேதிக்குள் வழங்கப்படும்?

இதற்கு மழுப்ப முடியாது. எண்ணிக்கை, தொகை, தேதி மூன்றும் கேள்வியிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தொழில் இல்லாமல் அடுப்பு எரிய வைப்பது நாம்தானே? யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பது எந்த அதிகாரியைவிடவும் நமக்குத் தெரியும்.

எந்தக் கேள்வி எங்கே?

ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர், ரோடு, மீன்வளத்துறை நிவாரணம் எல்லாம் எம்.எல்.ஏ. மூலம் சட்டசபையில் கேட்க வேண்டியவை. ரயில், எல்.ஐ.சி., வங்கிக் கடன், வெளிநாட்டு விவகாரம் எல்லாம் எம்.பி. மூலம் நாடாளுமன்றத்தில். புதுச்சேரி முழுவதற்கும் மக்களவைக்கு ஒருவர், மாநிலங்களவைக்கு ஒருவர்.

2025 ஜனவரி 28-ல் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதே, அந்தப் படகு காரைக்கால் படகு. 13 பேர் இருந்தார்கள், சிலர் காயப்பட்டார்கள். இந்த விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியது டெல்லியில் வெளியுறவு அமைச்சகம். எத்தனை மீனவர் சிறையில், எத்தனை படகு பிடிபட்டது என்று எம்.பி.க்கள் கேட்கக் கேட்கத்தான் அரசின் கணக்கு எழுத்தில் வெளியே வருகிறது. தப்பான கதவைத் தட்டினால் நேரம்தான் வீண்.

"பரிசீலனையில் உள்ளது" என்றால்?

பதிலில் இந்த வார்த்தை அடிக்கடி வரும். நாம் அதோடு விட்டுவிடுகிறோம். மக்களவையில் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வாக்குறுதிகளைக் கண்காணிக்க 1953-லிருந்து ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. அதனால் வந்த பதிலை வெட்டி எடுத்து, தேதி போட்டு, நம் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அதையே திருப்பிக் கேட்கலாம்.

செலவைக் கேட்கும் வழிகள்

பட்ஜெட் சமயத்தில் ஒவ்வொரு துறையும் இவ்வளவு பணம் வேண்டும் என்று சபையில் மானியக் கோரிக்கை வைக்கும். பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட, "கேட்ட தொகையில் 100 ரூபாய் குறைக்கணும்" என்பார்கள். கொள்கையே தப்பு என்றால், "மொத்தத்தையும் ஒரு ரூபாயாக ஆக்கணும்" என்பார்கள். நூறு ரூபாய் பெரிசில்லை. அந்தக் குறைக்குப் பதில் வாங்குவதுதான் நோக்கம்.

செலவு முடிந்த பிறகு தணிக்கைத் துறை வரும், நம் குழுவுக்கு ஆடிட் வருவது போல. அந்த அறிக்கை சபையில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு அதிகாரிகளை நேரில் கூப்பிட்டு விசாரிக்கும். 2004 சுனாமியில் நாம் இழந்தது நமக்குத்தான் தெரியும். அந்த நிவாரணப் பணிகளையும் தணிக்கைத் துறை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. துக்கத்துக்கு வந்த பணத்துக்கும் கணக்கு உண்டு.

குறைகளும் உண்டு

கேள்வி நேரம் மந்திரக்கோல் இல்லை. கூச்சல் போட்டுச் சபையை ஒத்திவைத்தால் அன்றைய வாய்மொழிக் கேள்விகள் போயிற்று. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தில் கேள்வி நேரமே இல்லாமல் போனது. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கக் காசு வாங்கியதாக 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். காசு வாங்கிக் கேட்கிற அளவுக்குக் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது பாருங்கள்! நாம் இலவசமாகக் கேட்கச் சொல்லலாம், சொல்லாமல் இருக்கிறோம்.

ஒரு தடவை கேட்டால் போதாது என்பதையும் மறக்கக்கூடாது. நம் மாநிலத்தில் அரிசிக்குப் பதில் பணம் என்று ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. பெண்கள் தெருவில் கேட்டார்கள், உறுப்பினர்கள் சபையில் கேட்டார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறந்தன.

நாம் செய்ய வேண்டியது

1. ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு கேள்வி எழுத வேண்டும். எண்ணிக்கை, தொகை, தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

2. கூட்டமைப்பில் அவற்றைச் சேர்த்து, பொதுவான இரண்டைத் தேர்ந்தெடுத்து, தீர்மானம் போட்டு எம்.எல்.ஏ.விடம் கொடுக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுக்க வேண்டும்.

3. அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். ஆளும் கட்சி உறுப்பினரும் கேட்கலாம். அவரே அமைச்சராகிவிட்டால் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவார். அப்போது பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள்.

4. கூட்டத்தொடர் முடிந்ததும், "எங்க கேள்வியைக் கொடுத்தீங்களா, என்ன பதில் வந்துச்சு?" என்று கேட்க வேண்டும். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

5. சபையில் கேட்க வழியில்லாததை, 2005-ம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் நாமே கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

குழு தொடங்கிய காலத்தில் கணக்குக் கேட்கவே நமக்கு வாய் வராது. இன்றைக்கு வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து வட்டி விகிதம் பேசுகிறோம். அதே வாய்தான், அதே கணக்குதான். புத்தகம் மட்டும் கொஞ்சம் பெரிசு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்.