தேத்தண்ணியும் களிமண்ணும்

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் ஓவியங்களும் மட்பாண்டங்களும் கண்காட்சியாக வைக்கப்பட்ட அன்று, அவற்றைச் செய்த அக்காவும் தம்பியும் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது.)

ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க, விறகு கட்ட, கடைக்குப் போக என்று நூறு வேலை இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு மேக்கணக்கிலிருந்தும் கீக்கணக்கிலிருந்தும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நாங்க மேடையில் பேசிப் பழகாதவர்கள். அக்கா பாதி, தம்பி பாதி என்று பிரித்துப் பேசுகிறோம். யார் பேசினாலும் 'நாங்க' என்றுதான் வரும். ஏனென்றால் இங்கே தொங்குகிற படங்களில் பலவற்றில் இரண்டு பேர் கையும் பட்டிருக்கிறது. மேசையில் உள்ள சட்டிகளும் அப்படித்தான்.

"இதெல்லாம் எங்கே கற்றீங்க?" என்று காலையிலிருந்து பலர் கேட்டுவிட்டார்கள். முதல் வாத்தியார் எங்கள் அப்பாயி. அவங்க பென்சில் பிடித்ததே இல்லை. ஆனால் எங்கள் லயத்தில் பத்துக் காம்பராவுக்கும் அடுப்புப் போட்டது அவங்கதான். கான் ஓரத்து மண்ணை உடைப்பாங்க, கல்லைப் பொறுக்குவாங்க, சலிப்பாங்க, முதல் நாள் ராத்திரி தண்ணி விட்டு ஊறப்போடுவாங்க. மறுநாள் சாணமும் உமியும் போட்டு எங்களை மிதிக்கச் சொல்லுவாங்க. எங்களுக்கு அது விளையாட்டு. மண் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்துக் கயிறு மாதிரி உருட்டி விரலைச் சுற்றி வளைப்பாங்க. வெடித்தால் "இன்னும் மிதிங்கடா". வெடிக்காவிட்டால் வேலை ஆரம்பம். பல வருசம் கழித்து ஒரு குயவர் வீட்டில் அதே பரிசோதனையைப் பார்த்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

படத்துக்கு வாத்தியார் என்று சொன்னால் வாசலில் அம்மா போட்ட கோலமும், மாசி மாதத்துக் காமன் கூத்தும்தான். ரதியாக வேசம் கட்டுகிற மாமாவுக்கு அரிதாரம் பூசுவதை லாந்தர் வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். பகலெல்லாம் மலையில் கவ்வாத்து வெட்டிய மனுசன் முகம், கண்ணுக்கு ஒரு கோடு இழுத்ததும் வேறாகிவிடும். ஒரு கோட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, சாயத்துக்கு வருவோம். சித்திரப் பெட்டி வாங்க வீட்டில் வசதி இல்லை. ஒருநாள் தம்பி கணக்குக் கொப்பியின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டான். வட்டமாகக் கறை. அடி வாங்கினான். ஆனால் காய்ந்த பிறகு அந்தக் கறையின் நிறம் அழகாக இருந்தது, ஓரத்தில் கடும் மண்ணிறம், உள்ளே இளசாக. அன்றிலிருந்து எங்கள் சாயம் தேத்தண்ணிதான். தூளை நன்றாகக் கொதிக்கவைத்து, வடித்து, மறுபடி சுண்ட வைக்க வேண்டும். ஒரு தடவை பூசினால் இளம் மஞ்சள். காயவிட்டு அதன் மேலேயே ஐந்தாறு தடவை பூசினால் பழுப்பு. பனி மூடிய மலையைக் காட்ட அதைவிட நல்ல சாயம் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் போட்டு ஒரு வாரம் வைத்திருங்கள். போத்தலை இறுக மூட வேண்டாம், காற்றுக் கிளம்பும். அந்தத் தண்ணியில் சில சொட்டைத் தேத்தண்ணிச் சாயத்தில் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மை மாதிரிக் கறுத்துவிடும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. இது நமக்குப் புது விசயம் இல்லை. பச்சைச் செடி வெட்டிய கத்தியைத் துடைக்காமல் வைத்துவிட்டால் கறுப்பாகக் கறை படிகிறதே, அதே சங்கதிதான். பழைய காலத்தில் எழுதுகிற மையையும் மரத்தின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் செய்து பார்க்கலாம், ஆனால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். குடிக்கிற கோப்பையில் மட்டும் செய்யாதீர்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். தேத்தண்ணிச் சாயம் வெயில் பட்டால் மங்கும். இரும்பு மை காலப்போக்கில் தாளையே அரிக்கும். படம் வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஒருத்தர் அதைக் கேட்டு வாங்காமலே போய்விட்டார். போகட்டும்.

மண் வேலை இவ்வளவு லேசில் வரவில்லை. நம்ம மலை மண் அடுப்புக்குச் சரி. மெல்லிசாகப் பானை செய்தால் கல்லும் பருமணலும் இருப்பதால் வெடித்துவிடுகிறது. அதனால் கேகாலைப் பக்கம் போனோம். கொழும்பு - கண்டி வீதியில் மொலகொடவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் சட்டி பானை அடுக்கியிருக்கும், பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சிங்கள அம்மா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்துச் சக்கரம் பழக்கினாங்க. அவங்களுக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும். எங்களுடைய சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவு. மூன்று வாரமும் அவங்க அதிகமாகச் சொன்ன சொல் 'ஹெமின்'. மெதுவாக என்று அர்த்தம். மண்ணை நடுவில் நிறுத்தும்போது ஹெமின், கையை எடுக்கும்போது ஹெமின், காயவைக்க ஹெமின், நெருப்பு மூட்டவும் ஹெமின்.

நாங்க கேட்டோமா? ஊருக்கு வந்த வேகத்தில் ஆடி மாதம் பதினொரு சட்டி செய்து லயத்துக்குப் பின்னால் குழி வெட்டிச் சூளை போட்டோம். விறகுக்கு நம்ம கவ்வாத்து மிலாறு. கால் மணித்தியாலத்தில் பட்டாசு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. ஏழு போய்விட்டது. நம்ம பக்கத்து மழையிலும் பனியிலும் சட்டி வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். தீயில் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரை உடைத்துவிடுகிறது. "தீபாவளி முன்னாலயே வந்திருச்சு" என்று பக்கத்துக் காம்பரா அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கி, ரோசாச் செடிக்கு அடியில் போட்டாங்க. நாங்க மண் வாங்கிய காசு அம்மாவுடைய சீட்டுக் காசு.

இப்போது சட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுப்புக்கு மேல் பரணில் இரண்டு மூன்று வாரம் வைத்து, மழை குறைந்த தை, மாசியில்தான் சுடுகிறோம். முதலில் புகை மட்டும், பிறகு சிறு தீ, கடைசியில்தான் மிலாறை அள்ளிப் போடுவது. மேசையில் இருப்பதற்கு மேல்பூச்சு எதுவும் இல்லை. தண்ணி கொஞ்சம் கசியும். கசிகிறதனால்தான் பானைத் தண்ணி குளிர்கிறது.

இனிச் சொல்லப் போவது எங்களுக்குச் சங்கடமான விசயம். ஆனாலும் நம்ம ஆட்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நகரத்தில் ஒரு கடை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிற இடம். இருபது படம் கேட்டார்கள். எல்லாமே கொழுந்து எடுக்கிற பெண், பளிச்சென்ற சேலை, சிரித்த முகம், பின்னால் பச்சை மலை. நல்ல காசு, முன்பணமும் தந்தார்கள். பன்னிரண்டு படம் வரைந்து சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தோம். அம்மா பெரட்டு முடிந்து, மலைக்குப் போய், அந்தியில் வந்தாங்க. படங்குகூட அவிழ்க்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "இவ யாரு?" என்றாங்க. "கொழுந்து எடுக்கிறவதான்மா" என்றோம். "கயிறு தலையில இல்ல. படங்கு இல்ல. அட்டைக்குச் சவர்க்காரம்கூடப் பூசியிருக்க மாட்டா போல. இவ எந்தத் தோட்டத்துல பேர் போடுறா?" அவ்வளவுதான். முகம் கழுவப் போயிட்டாங்க.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அம்மா கை எப்படி இருக்கும் என்று பார்க்காமலே பன்னிரண்டு கை வரைந்திருக்கிறோம். அம்மாவின் ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் வெடிப்புக்குள் கறுப்பு ஏறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நாங்க போத்தலில் காய்ச்சுகிற சாயம், அம்மா விரலில் சும்மாவே இருக்கிறது.

நம்மளை மற்றவர்கள் படம் பிடிப்பது இன்று நேற்று வந்தது இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரி 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். அவர் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேன் தோட்டத்தில் காலமானார். அவர் கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இங்கே அவர் எடுத்த படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இங்கே எடுத்த படங்களில் நிற்கிற ஆண்கள் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரே எழுதப்படவில்லை. நல்ல படங்கள்தான், குறை சொல்லவில்லை. அந்த முகங்களைப் பார்க்கும்போது, இவங்க யார் வீட்டுப் பாட்டி, யார் வீட்டுத் தாத்தா என்று கேட்கத் தோன்றுகிறது. 2023ஆம் ஆண்டு, நம்ம ஆட்கள் வந்து இருநூறு வருசம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்களே, அப்போதும் எங்களுக்கு இதே நினைப்புத்தான்.

கடைக்காரர் விசயத்தில் நாங்க பெரிய வீரம் ஒன்றும் காட்டவில்லை. வரைந்த பன்னிரண்டையும் கொடுத்துக் காசை வாங்கினோம். அம்மாவின் சீட்டுக் கடனை அதில்தான் அடைத்தோம். மிச்சம் எட்டை வரைய மாட்டோம் என்று சொன்னோம். அவர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யாரை வரைந்தாலும் கேட்டுவிட்டுத்தான் வரைவது, படத்துக்குப் பின்னால் அவங்க பெயரை எழுதுவது. வலப்பக்கச் சுவரில் இருக்கும் கைகள் அம்மாவுடையவை. அந்தப் படம் விற்பனைக்கு இல்லை.

அம்மாமார் சில பேர் கேட்டாங்க: "இதை வச்சுப் பொழைக்க முடியுமா?" இப்போதைக்கு முடியாது. அக்கா பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள், தம்பி கடையொன்றில் கணக்கு எழுதுகிறான். ஆனால் பிள்ளைக்குக் கை ஓடுகிறது என்றால், சாதாரண தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கத் தடுக்காதீர்கள். உயர்தரத்திலும் அது இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் இருக்கும் நிறுவகத்திலும் தமிழில் கட்புலக் கலை படிக்கலாம். மலையகத்துப் பிள்ளையான ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் அப்படிப் படித்தவர்தான். நம்ம வீட்டுத் தேத்தண்ணி வடியைக்கூட அவர் கலைப் பொருளாக்கியிருக்கிறார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைகளை இங்கேயே அனுப்புங்கள். பழைய கலண்டர் தாள் இருந்தால் கொடுத்தனுப்புங்கள், பின்பக்கம் வெள்ளை போதும். காசு வேண்டாம். உடுப்பு அழுக்காகும், அதற்கு எங்களைத் திட்டக் கூடாது.

கடைசியாக ஒன்று. மூலையில் துணி போட்டு மூடிய படம் ஒன்று இருக்கிறது. அது எங்கள் லயத்துச் சின்னம்மா காம்பரா. கூரைத் தகரம் ஒழுகுகிற இடத்தில் பேசின் வைத்திருப்பதை வரைந்திருந்தோம். ஆளைத்தான் கேட்டு வரைகிறோமே, வீட்டுக்கும் கேட்க வேண்டும் என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை. பார்த்துவிட்டுச் சின்னம்மா கோபப்பட்டாங்க. "நம்ம ஓட்டையை வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டி என்னாடா கெடைக்கப் போவுது? புளி போட்டு வெளக்கி அடுக்கி வச்சிருக்கேனே பித்தளைச் சாமான், அது ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?" என்றாங்க. உண்மை, எங்களுக்குத் தெரியவில்லை. மறுபடி அந்தக் காம்பராவில் உட்கார்ந்து பார்த்தோம். பேசின் இருக்கிறது, தட்டில் பித்தளைச் சாமானும் இருக்கிறது, கொடியில் பேத்தியின் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்குகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் புதுசாக வரைந்திருக்கிறோம். சின்னம்மா இன்னும் அதைப் பார்க்கவில்லை. கீக்கணக்கில் மரண வீடு, மத்தியானத்துக்கு மேல்தான் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் துணியைத் தூக்க வேண்டாம். அவங்க பார்த்து, சரி என்றால் திறக்கிறோம். இல்லை என்றால் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம்.

தேத்தண்ணி வெளியில் வைத்திருக்கிறது, ஆறுவதற்குள் குடியுங்கள். அது குடிக்கிற தேத்தண்ணிதான், பயப்பட வேண்டாம்.