கிளச்சுப் பெயாரிங் எழுப்பும் ஓசை

மோட்டார் வண்டியை நெடுங்காலம் ஓட்டிப் பழகியவர்களுக்கு அதன் இயல்பான ஓசை இன்னதென்பது நன்கு தெரியும். அவ்வோசையோடு புதிதாக ஒரு கீச்சொலியோ கரகரப்போ சேரும்போது மனத்திலே ஐயம் எழுகின்றது. கியர்ப் பெட்டியே பழுதாகிவிட்டது என்று அஞ்சி, வேண்டாத வேலைக்குப் பெருந்தொகை செலவிடுவோர் சிலர். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கடுகண்ணாவை ஏற்றத்திலே கியர் மாற்ற இயலாது நடுவழியில் நிற்போர் வேறு சிலர். சற்றே செவிசாய்த்துக் கேட்கப் பழகினால் இவ்விரு தொல்லைகளையும் தவிர்த்துக்கொள்ளலாம்.

முதலில் கிளச்சு வேலை செய்யும் முறையை அறிதல் வேண்டும். எஞ்சினின் பின்புறத்தில் பறப்புச் சில்லு சுழல்கின்றது. உராய்வுத் தட்டு ஒன்றை வலிய விற்கள் அச்சில்லோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. எஞ்சினின் சுழற்சி அத்தட்டின் வழியாகக் கியர்ப் பெட்டியின் முன் தண்டுக்குச் செல்கின்றது. சாரதி மிதியை அழுத்தும்போது, கவை போன்ற ஓர் உறுப்பு கிளச்சுப் பெயாரிங்கை முன்னே தள்ளுகின்றது. அது சுழல்கின்ற நெம்புகோல்களை அமுக்கித் தட்டை விடுவிக்கின்றது. கவையோ சுழல்வதில்லை, நெம்புகோல்களோ, எஞ்சின் மெதுவாக ஓடும் வேளையிற்கூட, நிமிடத்துக்கு 700, 800 தடவை சுழல்வன. இவ்விரண்டுக்கும் இடையே நின்று அழுத்தத்தைத் தாங்குவதே இப்பெயாரிங்கின் தொழில்.

பெரும்பாலான வண்டிகளில் இது உருக்குக் குண்டுகளைக் கொண்ட பெயாரிங்காகும். 1948ஆம் ஆண்டில் வெளிவந்து, இன்றும் இலங்கை வீதிகளில் ஓடக் காணப்படும் மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளிலோ குண்டுகளுக்குப் பதிலாகக் கரி வளையம் ஒன்று அமைந்திருக்கும். குண்டுகள் தேய்ந்தால் உறுமும். உள்ளிருக்கும் கிறீஸ் வற்றினால் கீச்சிடும். கரி வளையம் தேய்ந்து தீர்ந்தால், அதனைத் தாங்கும் உலோகக் கிண்ணம் எதிரேயுள்ள தட்டிலே உராய்ந்து கடூரமாக ஓசையிடும்.

இனிச் சோதனைக்கு வருவோம். காற்றோட்டமுள்ள சமதரையில் வண்டியை நிறுத்திக் கைத்தடையை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்தல் வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டுதல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உயிருக்கு ஆபத்தானது. கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

இந்நிலையில் உறுமல் கேட்டு, மிதியை முழுவதும் அழுத்தியதும் அது தணிந்து மறையுமானால், பழுது கிளச்சுப் பெயாரிங்கில் இருப்பது அரிது. மிதியை முழுவதும் அழுத்தும்போது கியர்ப் பெட்டியின் முன் தண்டு சுழல்வதை நிறுத்துகின்றது. ஆகவே அத்தண்டைத் தாங்கும் பெயாரிங்கையே ஐயுற வேண்டும்.

மாறாக, கால் எடுத்திருக்கையில் அமைதியாயிருந்து, மிதியை மெல்ல அழுத்தி அதன் தளர்வு தீரும் இடத்திலேயே ஓசை பிறக்குமானால், கிளச்சுப் பெயாரிங்கே குற்றவாளி. மேலும் அழுத்த அழுத்தச் சுமை மிகுவதால் ஓசையும் மிகும். தளர்வில்லாமல் எப்போதும் நெம்புகோல்களைத் தொட்டவாறே பெயாரிங் சுழலும் அமைப்பும் பல பிற்கால வண்டிகளில் உண்டு. அவற்றில் கால் வைக்காதபோது கேட்கும் கலகலப்பு, மிதியை விரலளவு அழுத்தியதுமே மாறுமானால், அதுவும் இப்பெயாரிங்கையே சுட்டும். முழு அழுத்தத்தில் மாறுவது எது, இலேசான அழுத்தத்தில் மாறுவது எது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

மூன்றாவதாக ஒரு நிலையுண்டு. மிதியை முழுவதும் அழுத்தி, வண்டியை அசையவிடாமல் முதலாம் கியரில் இட்டிருக்கும்போது மட்டும் ஓசை கேட்கலாம். அப்போது எஞ்சினின் தண்டு சுழல, கியர்ப் பெட்டியின் முன் தண்டு நிற்கின்றது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலுள்ள சிறு பெயாரிங் அல்லது வெண்கலப் புதை தேய்ந்திருப்பதை அது காட்டும். இச்சோதனையின்போது மிதியிலிருந்து கால் நழுவலாகாது. வண்டியின் முன்னே எவரும் நிற்றலும் ஆகாது.

எஞ்சினை நிறுத்திய பின்னரும் மிதியை அசைக்கும்போது கிறீச்சென்ற ஒலி வருமானால், குறை மிதியின் அச்சிலோ இணைப்புக் கோல்களிலோ கவையிலோதான் உண்டு. அச்சும் கோல்களுமாயின் சிறிதளவு கிறீஸ் இட்டாலே தீர்ந்துவிடும். காலைத் தளர்த்திப் புறப்படும்போது வண்டி நடுங்குவது வேறு நோய். உராய்வுத் தட்டில் எண்ணெய் படிந்திருப்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

பெயாரிங் காலத்துக்கு முன்னே தேய்வதற்குச் சாரதியின் பழக்கமே பெரும்பாலும் காரணம். ஓடும்போது மிதியின்மேல் காலைச் சாய்த்து வைத்திருத்தல், சிவப்பு விளக்கின் முன்னே கியரிலேயே மிதியை அழுத்திக்கொண்டு காத்திருத்தல் ஆகிய இரண்டும் பெயாரிங்கைச் சுமையோடு சுழலச் செய்கின்றன. மிதியின் தளர்வு குறைந்துபோதலும் அவ்வாறே கேடு விளைவிக்கும். இத்தளர்வு வண்டிக்கு வண்டி வேறுபடும்; பல பழைய வண்டிகளில் அது ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். வண்டியோடு வந்த கைநூலிற் கூறிய அளவே இறுதியானது.

ஓசை தொடங்கியதும் வண்டி நின்றுவிடப் போவதில்லை. எனினும் பெயாரிங் இறுகிப்போனால் நெம்புகோல்களைத் தேய்த்துக் கிளச்சு முழுவதையும் கெடுத்துவிடும். இதனை மாற்றக் கியர்ப் பெட்டியையோ எஞ்சினையோ கழற்ற வேண்டியிருப்பதால், பொருளின் விலையைவிடக் கூலியே மிகுதி. ஆகவே, ஒருமுறை கழற்றும்போது உராய்வுத் தட்டு, அழுத்துத் தட்டு, முன் தண்டின் சிறு பெயாரிங் ஆகியவற்றையும் பார்த்து, தேய்ந்தவற்றை உடன் மாற்றுதல் சிக்கனமாகும்.

வேலை செய்வோர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. மூடிய குண்டுப் பெயாரிங்கை மண்ணெண்ணெயிற் கழுவினால் உள்ளிருக்கும் கிறீஸ் போய்விடும். கரி வளையத்துக்கோ எண்ணெயே இடலாகாது. பழைய உராய்வுத் தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூளை மூச்சோடு உட்கொள்வது நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் அத்தூளைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து அகற்ற வேண்டும்.

திருத்துமிடத்துக்குச் செல்லும் உரிமையாளர், "கிளச்சு சத்தமிடுகிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்துதல் போதாது. கால் எடுத்தபோதா, இலேசாக அழுத்தியபோதா, முழுவதும் அழுத்தியபோதா என்று எடுத்துக் கூறுவாரானால், திருத்துநரின் நேரமும் மிஞ்சும். அவருடைய பணமும் மிஞ்சும்.