நீளவும் வேண்டும், நனையவும் கூடாது

ஐப்பசி பிறந்தால் தி.நகர் உஸ்மான் சாலையில் தீபாவளிக் கூட்டமும் மழையும் சேர்ந்தே வரும். மழைக்கோட்டு வியாபாரமும் சூடுபிடிக்கும். புதுக் கோட்டு, பேன்ட் மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறக் காலைத் தூக்கிப் போட்டால், முதலில் விட்டுப்போவது கவட்டுத் தையல். அந்தத் துணி தண்ணீரைத் தடுக்குமே தவிர, இழுத்தால் கொடுக்காது.

சரி, இழுத்தால் கொடுக்கிற துணி? திருப்பூர் பனியன் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் நீள்கிறது. அந்த வளையங்களின் இடைவெளியில்தான் தண்ணீரும் இறங்குகிறது. இழுக்க இழுக்க வழி அகலமாகும்.

தண்ணீரைத் தடுக்க, 1823இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவில் ரப்பரை வைத்து ஒட்டிக் காப்புரிமை பெற்றார். நனையவில்லைதான். ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. வேறு வழி திறந்தது பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால். நாம் லைக்ரா என்கிற ஸ்பான்டெக்ஸ் இழை அதிலிருந்து வந்ததுதான். 1958இல் டுபான்ட் நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. அதே வகைப் பொருளை மெல்லிய படலமாக்கிப் பின்னல் துணியின் முதுகில் ஒட்டினால், துணியோடு படலமும் நீண்டு சுருங்கும். வியாபாரத்தில் இதற்குப் பி.யு.எல். என்றும், டி.பி.யு. லேமினேஷன் என்றும் பெயர்.

இதை எங்கே வாங்குவது? மயிலாப்பூரில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் விற்கிற கடையில் கேட்டால், பாராசூட் துணியையோ ரெக்சினையோதான் எடுத்துப் போடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கேட்கிற இடம்தான் தப்பு. மெத்தை, தலையணை விற்கிற கடைக்குப் போய் தண்ணீர் புகாத மெத்தை உறை கேளுங்கள். மேலே துண்டு மாதிரி பருத்தி, அடியில் வழவழப்பான படலம் என்றால் நாம் தேடுவது அதுதான். குழந்தைகளுக்கான துணி டயப்பரின் வெளி உறையும் பெரும்பாலும் இந்தச் சாதிதான்.

தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மேல்பூச்சு, துவைக்கத் துவைக்கப் போய்விடும். துணியை டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி, மேலே தண்ணீர் விட்டு விரலால் அழுத்துங்கள். உள்ளே ஈரம் தட்டினால் வேண்டாம்.

தைக்கும்போது கவனம். ஊசி குத்திய ஓட்டை மூடாது. குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள், பின்னல் துணிக்கான மழுங்கல் முனை ஊசியால் தையுங்கள். பிரித்துப் பிரித்துத் தைத்தால் சல்லடைதான். சூடான இஸ்திரிப்பெட்டியும் ஆகாது, படலம் உருகும்.

புழுக்கத்தோடு பெய்கிற நம் ஊர் மழைக்கு இந்தத் துணியில் நீங்களே கோட்டு தைக்க நான் சொல்லமாட்டேன். அதற்குத் தையல் மேல் டேப் ஒட்டிய ரெடிமேடுதான் நல்லது. ஆனால் கைக்குழந்தைக்கோ, படுக்கையில் இருக்கும் பெரியவருக்கோ விரிப்பு வேண்டுமென்றால் மீட்டர் துணி தேடி அலையாதீர்கள். ஒரு மெத்தை உறையை வாங்கி அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பி, இழுத்துப் பாருங்கள்.