வராத படங்கள்

என் தங்கையின் திருமணம் திருவண்ணாமலையில் நடந்தேறியது. முன்பணம் பெற்ற புகைப்படக்காரர் ஓராண்டாகியும் படங்களைத் தந்தாரில்லை. அவர் கடைக்கு நடந்த நடையில், 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பன்முறை முடித்திருப்பேன்! பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆனால் மறைந்த எங்கள் பாட்டியார் கடைசியாகச் சிரித்தது அப்படங்களில்தான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு பெற்றுச் செய்யும் பணியில் குறை நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ரசீது கேட்க நான் கூச்சப்பட்டிருந்தேன். வங்கி வழியே பணம் அனுப்பிய பதிவே கைகொடுத்தது. பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்பினேன். பத்தாம் நாள் படங்கள் வந்தன. பாட்டியார் படம் மட்டும் சற்று மங்கல்.